மோட்டார்ஹோம் ஹவுஸ் பேட்டரி ரெண்டு வருஷம்கூடத் தாங்க மாட்டேன் என்கிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நாடோடி_டல்லாஸ்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 2011 மாடல் கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் சட்டத்தில் கட்டிய நடமாடும் வீடு). ஹவுஸ் பேட்டரியாக (உள்ளே விளக்கு, ஹீட்டர் ஃபேன் போன்றவற்றுக்குக் கரண்ட் தருவது) ரெண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி சீரீஸில் இருக்கிறது, 225 ஏஎச் (ஆம்பியர்-மணி). வண்டி வாங்கிய பிறகு இது மூன்றாவது ஜோடி. முதல் ஜோடி ரெண்டு வருஷம் ஓடியது, அடுத்தது அதுகூட இல்லை. இப்போது இருப்பதும் அதே வழியில் போகிறது. ராத்திரி ஃபர்னஸ் (வண்டிக்குள் சூடேற்றும் ஹீட்டர்) ஓடினால் விடியற்காலையில் மீட்டர் 11.6 காட்டுகிறது.

கரண்ட் வசதி இல்லாத இடத்தில் தங்கினால் காலையில் ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர் போடுகிறோம். ஊருக்குத் திரும்பியதும் வண்டி வாசலில் ஷோர் பவரில்தான் (வெளி மின்சாரத்தில் செருகி) நிற்கும். பாதிக்குக் கீழே இறக்காதே என்பதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு விளக்கைக்கூட எண்ணி எண்ணித்தான் போடுகிறோம். கடையில் காட்டினால் "பேட்டரியை மாற்று" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

லித்தியத்துக்கு மாறு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். வீட்டில் அந்த மசோதா இன்னும் நிறைவேறவில்லை.

புதுவண்டி

லித்தியத்துக்கு மாறிவிடுங்கள் அண்ணா :)

ஆமைவண்டி

தம்பி, முதலில் ராத்திரிக் கணக்கைப் போடுங்கள். ஃபர்னஸ் ஃபேன் 7, 8 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர ராத்திரியில் பாதி நேரம் ஓடினாலே 40 ஏஎச். குளிர் கூடுதல் என்றால் இன்னும் ஏறும். உங்கள் 225-இல் பாதி 112. அதாவது நல்ல பேட்டரியாக இருந்தால் ஒரு ராத்திரியை அலட்டாமல் தாண்ட வேண்டும். நீங்கள் சொல்லும் 11.6, பேட்டரியில் 225 இப்போது இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவும் உண்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரி நெகட்டிவ் கம்பியில் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். என் வண்டியில் 0.9 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. கேஸ் டிடெக்டர், ஃபிரிட்ஜின் கண்ட்ரோல் போர்டு, ரேடியோவின் மெமரி எல்லாம் சேர்ந்து கொஞ்சம். மிச்சம் எங்கே போகிறது என்று ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேடினால், ஃபிரிட்ஜ் ஃபியூஸைப் பிடுங்கும்போது பாதிக்கு மேல் விழுந்தது. சில பழைய கேஸ் ஃபிரிட்ஜ்களில் கதவுச் சட்டத்தில் வியர்வை படியாமல் இருக்க ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருப்பார்கள். அதற்கான ஸ்விட்ச் ஃப்ரீசர் கதவை ஒட்டி உள்ளே ஒளிந்திருக்கும். ஈரப்பதம் இல்லாத ஊரில் அது தேவையே இல்லை.

0.9 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 21 ஏஎச்சுக்கு மேல். ஷோர் பவர் இல்லாமல் பத்து நாள் நிறுத்தினால் 225-உம் காலி. சும்மா நிற்கிற வண்டியில் பேட்டரி செத்துப்போனதாகப் புலம்புகிற பலருக்கும் கதை இதுதான். டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கேஸ் டிடெக்டர் போன்றவற்றை அந்த ஸ்விட்சைத் தாண்டி நேராக பேட்டரியில் கோர்த்திருக்கும் வண்டிகள் நிறைய. நீண்ட நாள் நிறுத்தினால் நெகட்டிவைக் கழற்றிவிடுவதுதான் உறுதி.

மின்வெட்டு_மாமா

ஆமைவண்டி அம்மா சொன்னது சரி. ஆனால் டல்லாஸ் தம்பியின் வண்டி ஷோர் பவரில் நிற்கிறது. அவர் பேட்டரி காலியாகிச் சாகவில்லை. அரைவயிற்றில் கிடந்தே சாகிறது.

இதை எத்தனை பேரிடம் சொல்லியும் ஏற மாட்டேன் என்கிறது. எல்லோரும் "எவ்வளவு இறக்கலாம்" என்றே கேட்கிறார்கள். "முழுசாக ஏறுகிறதா" என்று கேட்பவர் அபூர்வம். லெட்-ஆசிட் பேட்டரியில் கரண்ட் எடுக்க எடுக்க தகடுகளில் லெட் சல்பேட் படியும். அது புதிதாக, மென்மையாக இருக்கும்போதே முழு சார்ஜ் கொடுத்தால் திரும்பக் கரைந்துவிடும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் அப்படியே விட்டால் இறுகிவிடும். இறுகிய பகுதி இனி வேலை செய்யாது. 225 என்று வாங்கியது 150 ஆகி, 100 ஆகும். எப்போதாவது ஒரு ராத்திரி 40 சதவீதம் வரை இறக்கிவிட்டு மறுநாள் முழுசாக ஏற்றுவது பெரிய கேடில்லை. 60-க்கும் 85-க்கும் நடுவிலேயே ஒரு வாரம் ஓட்டுவதுதான் கேடு. காலையில் ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர் போடுபவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

காரணம், 80 சதவீதம் வரை சட்டென்று ஏறும். அதன் பிறகு பேட்டரியே கரண்டை வாங்க மறுக்கும். கடைசி 20 சதவீதத்துக்கு மூன்று, நாலு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் இந்த வால் பகுதி சுருங்காது. ஜெனரேட்டரை அதற்காக ஓடவிட்டால் பக்கத்துக் கூடாரக்காரர் கல்லெறிவார்.

தம்பி, மூன்று விஷயம் அளந்து சொல்லுங்கள்.

ஷோர் பவரில் இருக்கும்போது கன்வெர்ட்டரின் (வெளிக் கரண்டை மாற்றி பேட்டரியை ஏற்றும் பெட்டி) வாயில் எத்தனை வோல்ட், அதே நேரத்தில் பேட்டரி டெர்மினலில் எத்தனை வோல்ட். ரெண்டையும் பேட்டரி கொஞ்சம் காலியாக இருக்கும்போது, கரண்ட் ஓடும்போது பாருங்கள்.

அப்புறம் ஒரு ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) வாங்கி ஆறு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஃபர்னஸ் ஓடும்போது பார்த்த 11.6-ஐ மட்டும் வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. சுமையில் இருக்கும் வோல்டேஜ் பொய் பேசும். சில மணி நேரம் சார்ஜும் இல்லாமல் செலவும் இல்லாமல் ஓய்வில் இருந்தபின் பார்த்தால் முழு பேட்டரி 12.7 இருக்கும், பாதி என்றால் 12.1. ஆனால் செல் ஒவ்வொன்றின் நிலையைச் சொல்வது ஹைட்ரோமீட்டர் மட்டும்தான்.

பனிக்கரடி_ஒன்டாரியோ

மாமா பெயரைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. 2012-இல் திருநெல்வேலிப் பக்கம் கரண்ட் வருவதுதான் செய்தி. அப்பா இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதா மாதம் டார்ச் அடித்துத் தண்ணீர் பார்ப்பார். டியூபுலர் பேட்டரியில் மிதவை ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்ததும் தெரியும். இங்கே கோல்ஃப் கார்ட் பேட்டரியில் அந்த வசதி இல்லை, மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை.

மின்வெட்டு_மாமா

ஆமாம். தண்ணீர் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆசிட் ஒருபோதும் வேண்டாம். முழு சார்ஜுக்குப் பிறகு ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளே மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்து டெர்மினலைத் தின்னும். தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் தகடு மூழ்க முதலில் கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போட வேண்டும். உள்ளே தொங்கும் குழல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை போதும்.

நாடோடி_டல்லாஸ்

ஞாயிறு இரவு பயணத்திலிருந்து திரும்பியதும் ஷோர் பவரில் போட்டேன். கரண்ட் ஏறிக்கொண்டிருக்கும்போது கன்வெர்ட்டர் வாயில் 13.6, பேட்டரியில் 13.2. காலையில் ரெண்டு இடத்திலும் 13.6. மறுநாள் முழுக்கப் பார்த்தேன், 13.6-ஐ விட்டு அசையவே இல்லை.

ஹைட்ரோமீட்டர் கணக்கு, காலையில் எடுத்தது:

1.225, 1.230, 1.220
1.225, 1.190, 1.225

ஐந்தாவது செல்தான் பலவீனம் போலிருக்கிறது. எதிர்பார்க்க வேண்டிய எண் என்ன மாமா?

மின்வெட்டு_மாமா

ட்ரோஜன் டி-105 போன்ற பேட்டரியில் முழு சார்ஜ் என்றால் 1.277. 1.220 என்பது 70 சதவீதம் சொச்சம், 1.190 என்பது 60-க்குக் கீழே. ராத்திரி முழுக்க சார்ஜில் இருந்த பேட்டரி இது! கன்வெர்ட்டர் "முடிந்தது" என்று நினைக்கிறது, பேட்டரி இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

குற்றவாளி அந்த 13.6. உங்கள் கன்வெர்ட்டர் ஒரே வோல்டேஜில் நிற்கும் ரகம். இந்த வகை பேட்டரிக்குப் பாதி வழியில் 14.4-இலிருந்து 14.7 வரை தேவை. 13.6-இல் ஏறாது என்று இல்லை, நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு ஏறும். ரெண்டு மணி நேர ஜெனரேட்டரில் ஒன்றும் நடக்காது. இன்னொன்று, அந்த வோல்டேஜில் குமிழி கிளம்பாது. குமிழி கிளம்பினால்தான் ஆசிட் கலங்கி ஒரே சீராக இருக்கும். இல்லாவிட்டால் கனமான ஆசிட் கீழே தங்கிவிடும், தகட்டின் அடிப்பகுதி சீக்கிரம் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால் அதே 13.6 கோடையில் உங்களுக்கு அதிகம். சார்ஜ் வோல்டேஜ் எல்லாம் 25 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்படுவது. ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு 0.03 வோல்ட் குறைக்க வேண்டும். டல்லாஸில் ஜூலை மாதம் பேட்டரிப் பெட்டி 40 டிகிரி இருந்தால், 13.5-இல் வைக்க வேண்டிய ஃப்ளோட் (நிரம்பியபின் பிடித்துவைக்கும் வோல்டேஜ்) 13.05-க்கு இறங்க வேண்டும். இறங்காததால் மாதக்கணக்கில் தண்ணீர் கொதித்து வற்றும், தகடும் அரிக்கும். பயணத்தில் பட்டினி, வாசலில் அஜீரணம்.

13.6-க்கும் 13.2-க்கும் உள்ள வித்தியாசம் கம்பியில் போகிறது. 15 அடி தூரத்துக்கு 6 கேஜ் கம்பி (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்) என்று வையுங்கள். போக வர 30 அடி. 40 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட அரை வோல்ட் அங்கேயே காலி. கரண்ட் குறையக் குறைய இந்த இழப்பும் குறைந்துவிடும், அதனால்தான் காலையில் ரெண்டு இடத்திலும் ஒரே எண் பார்த்தீர்கள். ஆனால் ஜெனரேட்டர் ஓடும் அந்த ரெண்டு மணி நேரத்தில்தானே அதிகக் கரண்ட் ஓட வேண்டும்? அங்கேதான் அடி. 2 கேஜ் போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே வரும். கன்வெர்ட்டரையே பேட்டரிக்குப் பக்கத்தில் நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் பேட்டரி இருக்கும் அதே பெட்டிக்குள் வேண்டாம், வாயு கிளம்பும் இடம். பேட்டரி பக்கம் ஃபியூஸை மறந்துவிடாதீர்கள்.

புதுவண்டி

அப்போ ஓட்டும்போது என்ஜினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் ஏற்றாதா?

மின்வெட்டு_மாமா

ஏற்றும், ஆனால் அது வண்டி ஸ்டார்ட் பேட்டரிக்காக வைத்தது. பின்னால் இருக்கும் ஹவுஸ் பேட்டரிக்கு நீளக் கம்பியில் வந்து சேர்வதற்குள் 13 சொச்சம்தான் மிஞ்சும். நாள் முழுக்க ஓட்டினால் உபயோகம், பக்கத்து ஊருக்குப் போவதில் ஒன்றும் இல்லை.

மெல்பர்ன்_முருங்கை

இங்கே இப்போது வரும் வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். எரிபொருளை மிச்சம் பிடிக்க அதுவே வோல்டேஜை இறக்கிவிடும். டிசி-டிசி சார்ஜர் (ஆல்டர்னேட்டர் வோல்டேஜை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) இல்லாமல் ஹவுஸ் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. நான் 25 ஆம்பியர் ஒன்று போட்டிருக்கிறேன்.

என்னுடையது ரெண்டு 12 வோல்ட் ஏஜிஎம் (மூடிய வகை லெட்-ஆசிட்), பேரலல். கழற்றி அளந்தபோது ஒன்று மட்டும் தேய்ந்து கிடந்தது, மற்றது நன்றாக இருந்தது. ஒரே நாளில் வாங்கியவை. இது ஏன் மாமா?

மின்வெட்டு_மாமா

வண்டிக்குப் போகும் பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருக்கும். பாருங்கள். அப்படியென்றால் ரெண்டாவது பேட்டரியின் கரண்ட் மட்டும் இணைப்புக் கம்பிகளைத் தாண்டி வர வேண்டும். அது சொற்ப எதிர்ப்புதான், ஆனால் பேட்டரியின் உள் எதிர்ப்பே சொற்பம் என்பதால் பங்கீடு கோணிவிடும். முன்னால் இருப்பதே எப்போதும் அதிகம் உழைக்கும். பாசிட்டிவை ஒன்றிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் குறுக்காக எடுங்கள். பத்து நிமிட வேலை, செலவு இல்லை.

மெல்பர்ன்_முருங்கை

அப்படியேதான் இருந்தது! மாற்றிவிட்டேன். பேட்டரியை சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், என்ஜின் பக்கம் வைத்தவர்கள் கதியைப் பார்த்திருக்கிறேன். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்று பொதுவாகச் சொல்வார்கள், எங்கள் கோடையான ஜனவரிக்கு அது பொருந்தும்.

ஆமைவண்டி

டல்லாஸ் தம்பி, சோலார் இல்லையா உங்களிடம்? மாமா சொன்ன அந்த வால் பகுதிக்கு சோலாரை விட்டால் ஆளில்லை. எங்கள் ஏற்பாடு இது: காலையில் காபி போடும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர். பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக இழுக்கும் கரண்டை அதில் வாங்கிக்கொள்வோம். அப்புறம் அணைத்துவிடுவோம். கடைசி 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் கரண்ட் நிறைய நேரம் வேண்டும், அதைத்தான் வெயில் தருகிறது. சாயங்காலம் ஜெனரேட்டர் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். ஏறும் நேரத்தில் சூரியனை விட்டுவிட்டு இறங்கும் நேரத்தில் பெட்ரோலை எரிக்கிறார்கள்.

குளிர்காலத்தில் கூரையில் படுத்துக் கிடக்கும் பேனல் கோடையில் தருவதில் பாதி தந்தாலே பெரிது. அரிசோனா குவார்ட்சைட் பக்கம் டிசம்பர், ஜனவரியில் தங்குபவர்கள் பேனலை தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்திருப்பது அதனால்தான். சார்ஜ் கண்ட்ரோலரில் பேட்டரி வகையை சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஜெல் என்று அமைத்துவிட்டு ஃப்ளடட் (தண்ணீர் ஊற்றும் வகை) பேட்டரியை ஓட்டினால் வோல்டேஜ் குறைவாகவே நிற்கும், மறுபடியும் அதே கதை.

புதுவண்டி

இவ்வளவு பாடு படுவதற்கு லித்தியம் போட்டால் என்ன? உண்மையாகவே கேட்கிறேன்.

பனிக்கரடி_ஒன்டாரியோ

நான் போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு சல்பேட் தொல்லை கிடையாது. பாதியில் விட்டாலும் கவலைப்படாது, சொல்லப்போனால் நிறுத்திவைக்கும்போது பாதிக்கு அருகில் இருப்பதையே விரும்பும். எடை பாதிகூட இல்லை. ரெண்டு கோல்ஃப் கார்ட் பேட்டரி சேர்ந்து 56 கிலோ, தூக்கி இறக்கிய முதுகுக்குத் தெரியும்.

ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். நல்ல பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு போர்டு) இருந்தால் தடுத்துவிடும், ஆனால் தடுத்தால் உங்களுக்கு அன்றைக்கு சார்ஜ் இல்லை என்றுதானே அர்த்தம்? ஹீட்டர் உள்ளதாக வாங்குங்கள், அல்லது வண்டிக்குள்ளே வையுங்கள். ஆல்டர்னேட்டரில் நேராக மாட்டாதீர்கள். லித்தியம் கொடுப்பதையெல்லாம் விழுங்கும், ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் சூடாகி எரியும். டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். வோல்ட்மீட்டரையும் நம்ப முடியாது, 13.2 பக்கமே நின்றுவிட்டு கடைசியில் படாரென்று விழும். ஷண்ட் வைத்து, போய்வரும் கரண்டை எண்ணும் மானிட்டர் ஒன்று வேண்டும், நான் விக்ட்ரான் ஸ்மார்ட்ஷண்ட் வைத்திருக்கிறேன். ஆக பேட்டரி விலை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

மின்வெட்டு_மாமா

நியாயமான பேச்சு. என் பங்குக்கு: வருஷத்தில் நாலு வார இறுதி மட்டும் வெளியே போய், அதுவும் கரண்ட் உள்ள முகாமில் தங்குபவருக்கு லித்தியம் வீண் செலவு. மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தங்குபவர் லெட்-ஆசிட்டோடு மல்லுக்கட்டுவதுதான் வீண். டல்லாஸ் தம்பி நடுவில் இருக்கிறார். எதற்கும் கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும். லித்தியத்துக்கும் பொருந்துகிற மாதிரி பார்த்து வாங்கினால் மசோதா நிறைவேறும்போது அது வீணாகாது.

புதுவண்டி

பனிக்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிறீர்களா? சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார்களே.

பனிக்கரடி_ஒன்டாரியோ

அது ரப்பர், மரப் பெட்டி காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் கூட்டுக்குத் தரை ஒரு பொருட்டே இல்லை. முன்பு லெட்-ஆசிட் வைத்திருந்தபோது முழுசாக ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி, வண்டியிலேயே விட்டுவிடுவேன். முழு சார்ஜில் இருக்கும் ஆசிட் எங்கள் மைனஸ் 30-க்கும் உறையாது. காலி பேட்டரி மைனஸ் 10-க்குள்ளேயே உறைந்து கூடு பிளந்துவிடும். குளிரில் தானாக இறங்கும் சார்ஜும் குறைவு. அதனால் குளிரைக் கண்டு பயப்பட வேண்டாம், காலியாக விடுவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நாடோடி_டல்லாஸ்

மாமா சொன்னபடி ப்ராக்ரசிவ் டைனமிக்ஸ் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டியாயிற்று. 14.4-க்கு ஏறி, பிறகு 13.6, கடைசியில் 13.2-க்கு இறங்குகிறது. சும்மா நிற்கும்போது 21 மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் 14.4-க்குப் போய் வருமாம். கம்பியையும் 2 கேஜ் ஆக்கினேன். ஃபிரிட்ஜ் கதவு ஹீட்டர் ஸ்விட்சும் கிடைத்தது, ஆமைவண்டி அக்காவுக்கு நன்றி.

புது சார்ஜில் ஐந்து செல் 1.250-க்கு வந்தது. ஐந்தாவது மட்டும் 1.215. ஈக்வலைஸ் (செல்களைச் சமப்படுத்தும் மிகை சார்ஜ்) செய்யலாமா?

மின்வெட்டு_மாமா

செல்களுக்குள் 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் செய்யத்தான் வேண்டும். தனி சார்ஜர் இரவல் வாங்குங்கள், 15.5-இலிருந்து 16.2 வரை போகக்கூடியது. முதலில் பேட்டரியை வண்டியிலிருந்து முழுக்கக் கழற்றுங்கள், அந்த வோல்டேஜில் உங்கள் ஃபிரிட்ஜ் போர்டு தாங்காது. வெட்டவெளியில் செய்யுங்கள், கிளம்புவது ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் பேக்கிங் சோடா கரைத்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். எண் ஏறுவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். பேட்டரி தொட முடியாத சூடு என்றாலும் நிறுத்துங்கள். மெல்பர்ன் தம்பி இதைப் படித்துவிட்டு ஏஜிஎம்மில் முயற்சி செய்யாதீர்கள், உள்ளிருந்து போய்விட்ட தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை.

நாடோடி_டல்லாஸ்

முடிந்தது. 1.270, 1.265, 1.270, 1.270, 1.255, 1.270. நேற்று ராத்திரி ஃபர்னஸ் ஓடவிட்டுப் பார்த்தேன், காலையில் எல்லாம் அணைத்து ஓய்வு கொடுத்தபின் 12.4. அந்த ஐந்தாவது செல் பிழைக்குமா? ஒரு பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றலாமா?

மின்வெட்டு_மாமா

1.255 மோசமில்லை. மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். மறுபடியும் 0.030 பின்தங்கினால் அந்த செல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஜோடி சில மாதப் பழக்கம்தான் என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம். வருஷம் தாண்டியிருந்தால் ரெண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையது நிரம்புவதற்குள் புதியது பொங்கும், பழையது காலியான பிறகும் புதியது இழுத்துக்கொண்டிருக்கும்.

புதுவண்டி

ஹைட்ரோமீட்டர் எது வாங்குவது? கடையில் கலர் உருண்டை மிதக்கும் ஒன்று மலிவாக இருக்கிறது.

ஆமைவண்டி

உருண்டை வேண்டாம், கண்ணாடி மிதவையில் எண் போட்டது வாங்குங்கள். குழாயைத் தட்டிக் குமிழியைப் போக்கிவிட்டு, மிதவை ஓரத்தில் ஒட்டாமல் நிற்கும்போது கண்மட்டத்தில் படியுங்கள். உறிஞ்சியதை அதே செல்லில் திரும்ப விடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள், போட்டிருக்கும் ஜீன்ஸ் பழையதாக இருக்கட்டும்.